தலை குனிய வைத்த வாசல்

விண்ணப்ப எண் நாற்பத்தொன்று என் மேசைக்கு வந்தபோது நான் வேறொருவர் வீட்டுப் பால்கனிக் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பழைய புகைப்படத்தில் பதினேழு, புதியதில் பதினாறு. ஒரு கம்பி எங்கே போனது என்று கேட்டு அந்த வீட்டுக்காரருக்கு எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உதவி ஆய்வாளர் அந்த மஞ்சள் கோப்பை வைத்துவிட்டு, "வாசப்படி கேஸ் சார். படியை எடுத்துட்டு சாய்தளம் கேக்குறாங்க" என்றாள். முகவரிக்கு முன்னால் கையெழுத்துதான் கண்ணில் பட்டது. 'கு' எழுதும்போது அந்த வளைவைக் கீழே இழுத்து ஒரு சுழி போட்டு முடிப்பது என் அக்காவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கம். நான் கோப்பை மூடி, அதன் மேல் பால்கனிப் படங்களை வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

மரபுக் கட்டடக் குழுவில் எனக்கு இருபத்திரண்டு வருட உத்தியோகம். பழைய தெருக்களில் பட்டியலில் ஏறிய வீடு எதுவானாலும் அதன் முகப்பில் ஒரு சன்னலை மாற்றவோ, ஒரு நிறம் பூசவோ, ஒரு குழாயை வெளியே இழுக்கவோ எங்களிடம் வந்துதான் ஆக வேண்டும். நான் போய் அளந்து, படம் எடுத்து, பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு, கொடுக்கலாம் அல்லது கூடாது என்று எழுதுவேன். பெரும்பாலும் கூடாது. ஓர் ஆணி அடிப்பதானாலும் மனு போடச் சொல்கிற ஆள் என்பதால் அலுவலகத்தில் எனக்கு 'ஆணி சார்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தேநீர்க்காரர் என் முன்னாலேயே "ஆணி சாருக்கு சர்க்கரை கம்மி" என்று கத்தினார். கோபம் வந்திருக்க வேண்டும். உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

அக்கா வீடு என்று சொல்கிறேன், நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்த வீடுதான் அது. அப்பாவுக்கு பைண்டிங் வேலை. தெருவைப் பார்த்த முன்கூடம்தான் பட்டறை. பின்கட்டு அறைகள் இரண்டடி உயரத்தில் இருக்கும், கூடம் தாழ்ந்திருக்கும். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தெருச் சாக்கடை பொங்கி முன்கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டிய நானூறு வருகைப் பதிவேடுகள் ஊறிப் பருத்துக் கிடந்தன. அடுத்த வருடமும் அதே கதை. அப்பா ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து, கூடத்தில் இரண்டடிக்கு மண்ணும் செங்கல் உடைசலும் கொட்டி, பின்கட்டோடு சமமாக்கி, மேலே சிமெண்டுத் தளம் போட்டுவிட்டார். மண் சுமந்ததில் நானும் உண்டு, அக்காவும் உண்டு. ஒரே படி இருந்த வாசலுக்கு ஐந்து படிகள் வந்தன. ஆனால் கதவின் நிலையை உயர்த்தவில்லை. அதற்கு மேல்சுவரை இடிக்க வேண்டும், மாடி ஆட்டம் கண்டுவிடும் என்றார் கொத்தனார். ஆகவே கதவின் அடிப்பக்கத்தை அறுத்து எடுத்தார்கள். ஏழடி வாசல் ஐந்தடி ஆனது. "தலையைக் குனிஞ்சுக்கலாம், பதிவேட்டை நனைக்க முடியாது" என்றார் அப்பா. அதன் பிறகு அந்த வீட்டுக்குள் வந்து நெற்றியில் இடித்துக்கொள்ளாத ஆள் இல்லை. அக்காவைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று சொல்ல வந்த அன்று அத்தானும் இடித்துக்கொண்டார். புடைத்த நெற்றியில் ஈரத்துணியை வைத்து அழுத்திக்கொண்டேதான் சம்மதம் கேட்டார்.

அப்பா போனபோது நான் வேறு ஊரில் இருந்தேன். வீட்டை அக்கா பெயருக்கு எழுதிவைத்திருந்தார். கடைசி மூன்று வருடம் அவரைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டியவள் அவள்தான். நியாயம்தான். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்திரத்தைப் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அதே வருடம் இந்த வேலையில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் பத்துக் கட்டடங்களையாவது பட்டியலுக்கு முன்மொழிந்து ஏற்றினால் நிரந்தரம் என்றார்கள். ஒன்பது தேறின. பத்தாவதாக எங்கள் வீட்டை எழுதினேன்.

பார்த்தவர்களுக்கு அது அன்பாகத் தெரிந்தது. பிறந்த வீட்டுக்குப் பெருமை தேடித்தந்த தம்பி என்றார்கள். முன்மொழிவுப் படிவத்தில் ஒன்பதாவது கட்டம், 'பிற்காலச் சேர்க்கைகள், மாற்றங்கள்'. நான் 'இல்லை' என்று எழுதினேன். உண்டு என்று எழுதியிருந்தால் புள்ளி குறைந்து தள்ளுபடியாகியிருக்கும். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். வாசல் ஏன் இவ்வளவு தாழ்வு என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று முந்திக்கொண்டு, 'உள்ளே வருவோர் தலை தாழ்த்தி வர வேண்டும் என்ற அக்காலத்துப் பணிவைக் காட்டும் வாசல்' என்று ஒரு வரி சேர்த்தேன். எழுதி முடித்ததும் எனக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. வீடு பட்டியலில் ஏறியது, எனக்கு வேலை நிரந்தரமானது, அந்த வரி என்னைவிட வேகமாக முன்னுக்கு வந்தது. ஒரு பேராசிரியர் அதைத் தன் கட்டுரையில் எடுத்தாண்டார். பித்தளைப் பலகையில் பொறித்து வீட்டுச் சுவரிலேயே அறைந்தார்கள். பழைய தெருக்களைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் வாசலெதிரே ஆட்களை நிறுத்தி அதை ஒப்பித்தார்கள்.

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு நினைப்பும் இருந்தது. வீடு அவளுக்குப் போனால் போகட்டும், அதில் ஒரு கல்லைக்கூட அவளால் நகர்த்த முடியாது என்று படிவத்தை நிரப்பும்போது நினைத்தேன். அது ஒரு கணம்தான். ஆனால் நினைத்தேன்.

அத்தான் இருபத்தேழு வருடம் பேருந்து நடத்துநர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். வீட்டுக்குப் போகவில்லை. எங்களுக்குள் பேச்சு இல்லாமல் இல்லை. பேச்சில் ஒன்றும் இல்லாமல் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் அக்கா தொலைபேசியில், "அந்தப் படியை மட்டும் கொஞ்சம் மாத்திக்க முடியுமாடா?" என்று கேட்டாள். "மனு போடுக்கா, பாக்கலாம்" என்றேன். அலுவலக எண்ணுக்கு அழைக்கும் யாருக்கும் சொல்வதைப் போலவே சொன்னேன். அவள் மின்சாரப் புகார் மையத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கக் கத்துகிறவர்களிடம் நிதானமாகப் பேசிப் பழகிய குரலில், "சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

மனுவைப் படித்தேன். சிகிச்சைக்கு வாரம் மூன்று நாள் கணவரை வெளியே கொண்டுபோக வேண்டும், ஒவ்வொரு முறையும் நான்கு பேர் தூக்க வேண்டியிருக்கிறது, போன மாதம் இரண்டாவது படியில் கை நழுவிக் கீழே விழுந்தார், ஆகவே படிகளை அகற்றிச் சாய்தளம் அமைக்க அனுமதி வேண்டும். இவ்வளவுதான். தளம் உயர்த்தப்பட்டதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

குழுத் தலைவி ஓய்வுபெற்ற கட்டடக்கலைஞர், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். அவரிடம் போய் விண்ணப்பதாரர் என் அக்கா என்றேன். "அப்ப நீங்க ஒதுங்கிக்கோங்க. அந்தப் பொண்ணு பாக்கட்டும்" என்றார். எனக்கு முதலில் ஏதோ பாரம் இறங்கியதுபோல இருந்தது. முடிவு என் கையில் இல்லை என்று ஆகிவிட்டது அல்லவா. நான்கு நாளில் உதவி ஆய்வாளர் அறிக்கையை முடித்தாள். எனக்குக் காட்டக் கூடாது என்பது விதி. ஆனால் பொது அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகு யாரும் படிக்கலாம். மதிய இடைவேளையில் நானும் போய் நின்று படித்தேன். அவள் சுத்தமான ஆள். ஒரு சொல் அலங்காரம் கிடையாது. படிகளும் தாழ்ந்த வாசலும் மூலக் கட்டுமானம், அவற்றின் பொருள் முன்மொழிவிலேயே விளக்கப்பட்டுள்ளது, எனவே அகற்ற அனுமதிப்பதற்கில்லை. பின்னால் வந்து நின்றவள், "வருத்தமாத்தான் சார் இருந்துது. ஆனா வேற வழியில்ல. நீங்களே அவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க" என்றாள். நான் தலையாட்டினேன். அன்று மதியம் கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனேன்.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். நான் தெரு முனையில் திரும்பும்போது அத்தானை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர், எதிர்வீட்டுத் தச்சர், வாடகை வண்டி ஓட்டுநர், அக்கா. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து இடுப்பைத் துணியால் கட்டியிருந்தார்கள். தூக்குகிறவர்களும் அந்த வாசலில் குனிய வேண்டும். குனிந்துகொண்டு எடை தூக்க முடியாது; ஆகவே தரையோடு தரையாக நாற்காலியை இழுத்து, நிலையைத் தாண்டியபின் நிமிர்ந்து, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். அத்தான் பாதிக் கோணிய வாயால், "முன்னாடி ஏறு, முன்னாடி ஏறு, படியில நிக்காதே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தச்சருக்குச் சிரிப்பு வந்து பிடி தளர, அக்கா, "சும்மா இருங்க, சிரிக்க வெச்சுக் கீழ போட்றப் போறீங்க" என்று அதட்டினாள். எதிரே ஏழெட்டுப் பேரோடு ஒரு வழிகாட்டி நின்றிருந்தார். அவர்கள் மரியாதையாக ஒதுங்கி, நாற்காலி இறங்கி முடியும்வரை காத்திருந்தார்கள். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "உள்ளே வருவோர் தலை தாழ்த்தி வர வேண்டும் என்ற..."

அத்தான் என்னைப் பார்த்துவிட்டார். "வா மாப்ளே. படியை அளக்க வந்தியா?" என்றார். கேலிதான், குத்தல் இல்லை. நான் அவரை வண்டிக்குள் ஏற்ற உதவினேன். அவருடைய வலது கை என் தோளில் விழுந்து கிடந்தது. கனமாக, யாருடையதோபோல. ஓட்டுநரோடு அவரை அனுப்பிவிட்டு, அன்றைக்கு மட்டும் கூடப் போகாமல் அக்கா நின்றுவிட்டாள்.

கூடத்தில் உட்கார்ந்தோம். சன்னல் முழங்கால் உயரத்தில் இருந்தது. நாங்கள் சின்ன வயதில் தலைக்கு மேலே பார்த்த சன்னல்.

"நோட்டீஸ் பாத்தேன்" என்றாள். "அந்தப் பொண்ணு பாவம், போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுச்சு."

"நீ ஏன்க்கா எழுதல?" என்றேன். "அப்பா மண்ணு போட்டு ஏத்துனதை?"

அவள் அத்தானின் போர்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"நீ இல்லேன்னு எழுதிக் குடுத்துருக்க. நான் போய் உண்டுன்னு எழுதவா? உன் வேலை என்னாவுறது?"

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"பலகை மாட்ட வந்தப்போதான் படிச்சேன். மொதல்ல உனக்கு ஞாபகம் இல்லபோலன்னு நெனச்சேன். பத்து வயசுதானே. அப்புறம் யோசிச்சா, மண்ணு சொமந்து கை கொப்பளிச்சு நீ ரெண்டு நாள் ஸ்கூலுக்கே போகல. அது எப்படி மறக்கும்?" போர்வையை மடித்து முடித்துவிட்டு, மறுபடியும் பிரித்தாள். "சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். ஒரு வரிதானே. அவருக்கு இப்படி ஆகும்னு யாரு கண்டா?"

மாட்டிய நாளிலிருந்து அவள் அந்தப் பலகையை வாரம் ஒருமுறை துடைத்து வந்திருக்கிறாள். என் பொய்யைப் பளபளப்பாக வைத்திருந்தது அவள்தான். தேநீர் போட எழுந்தவளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது, பிறந்து வளர்ந்த வீட்டில், ஐம்பது வயதில், நங்கென்று இடித்துக்கொண்டேன்.

அன்று மாலை என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். நான் சொல்லி முடித்ததும், "இதுக்குத்தான் அந்தத் தெரு வழியா போனாலே நீங்க போன்ல பேசுற மாதிரி நடிப்பீங்களா?" என்றாள். நான் அப்படிச் செய்வேன் என்பதே எனக்குத் தெரியாது. பிறகு, "சொல்லிட்டு வாங்க. வேலை போனாப் பாத்துக்கலாம்" என்று பலகையிலிருந்த காயை வழித்துச் சட்டியில் போட்டாள்.

கூட்டம் அந்த மாதக் கடைசி வியாழன், மூன்று மணிக்கு. இரண்டாவது மாடி. மின்தூக்கி கிடையாது. அந்தக் கட்டடமும் பட்டியலில் உள்ளது என்பதால் மின்தூக்கி வேண்டாம் என்று எழுதியவன் நானே. ஆகவே அத்தான் வரவில்லை. அக்கா வேலையிலிருந்து நேராக வந்து முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். உதவி ஆய்வாளர் அறிக்கையைப் படித்தாள். தலைவி, "பொதுமக்கள்ல யாராவது பேசணுமா?" என்று வழக்கம்போலக் கேட்டார். வழக்கமாக யாரும் பேசுவதில்லை. நான் பின்வரிசையிலிருந்து எழுந்தேன். அக்கா திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள்.

தலைவி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீங்க ஒதுங்கியிருக்கீங்க. இப்ப அதிகாரியாப் பேசுறீங்களா, தம்பியாப் பேசுறீங்களா?"

"அந்தப் படிக்கு மண்ணு சொமந்த ஆளாப் பேசுறேன் மேடம்."

மூன்று நிமிடம்தான் நேரம். எனக்கு இரண்டு போதுமாயிருந்தது. சாக்கடை பொங்கியதை, பதிவேடுகள் நனைந்ததை, தளம் ஏறியதை, கதவை அறுத்ததைச் சொன்னேன். ஒன்பதாவது கட்டத்தில் தெரிந்தே பொய் எழுதினேன் என்றேன். பணிவு என்பது என் சொந்தக் கற்பனை என்றேன். "சந்தேகம்னா கதவைப் பாருங்க. மேல்பலகையில முழுப் பூ செதுக்கியிருக்கும். கீழ்ப்பலகையில பூ பாதியிலயே நிக்கும். மிச்சப் பாதிய அறுத்துட்டாங்க. இத்தனை வருசத்துல ஒருத்தரும் குனிஞ்சு அந்தக் கீழ்ப்பலகையப் பாக்கல" என்றேன்.

கட்டுரை எழுதிய பேராசிரியரும் குழுவில் இருந்தார். அவர் தன் முன்னாலிருந்த காகிதங்களை அடுக்கினார், மறுபடி அடுக்கினார். உதவி ஆய்வாளர் என்னைப் பார்க்காமல் அறிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய காது சிவந்திருந்தது. நகராட்சிப் பொறியாளர்தான் முதலில் வாயைத் திறந்தார். அவர் ஆறடிக்கு மேல். "நான் அந்த வீட்டுக்கு ரெண்டு தடவை போயிருக்கேன் மேடம். ரெண்டு தடவையும் இடிச்சுக்கிட்டேன். நமக்குப் பணிவு பத்தலபோலன்னு நெனச்சேன்" என்றார். முதலில் சிரித்தது தலைவிதான். அதன் பிறகே மற்றவர்களுக்குத் துணிச்சல் வந்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

சிரிப்பு ஓய்ந்ததும் பொறியாளர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். அக்கா கேட்ட சாய்தளத்தைத் தெருவில் வைக்க இருபத்துநாலடி வேண்டும், நடைபாதையில் அவ்வளவு இடம் கிடையாது, அனுமதித்தாலும் கட்ட முடியாது. ஆனால் உள்ளே கொட்டிய மண்ணே பிற்காலத்தது என்றால் அதை எடுத்துவிடலாமே. கூடம் பழைய மட்டத்துக்கு இறங்கிவிடும். வெளியே ஒரு படி மட்டும் மிஞ்சும், அதற்கு ஒரு முழச் சரிவு போதும். கூடத்திலிருந்து பின்கட்டுக்கு ஏறச் சுவரோரமாக உள்ளேயே சாய்தளம் போட்டுக்கொள்ளலாம். உள்ளறைகள் எங்கள் அதிகாரத்தில் இல்லை. சாக்கடையைப் பூமிக்கடியில் கொண்டுபோய்ப் பதினைந்து வருடம் ஆகிறது, தண்ணீர் பயமும் இல்லை. "இது மாத்தமே இல்ல மேடம். இருந்தபடி ஆக்குறது. அதுக்குத்தானே நாம இருக்கோம்?"

தலைவி என் பக்கம் திரும்பினார். "நீங்க எழுதுனது பொய்யின்னு தெரியறதுக்கு இத்தனை வருசம். இப்ப சொல்றது நிஜம்தானான்னு தெரிய ஒரு நாள் எடுத்துக்கலாம். நாளைக்குத் தோண்டிப் பாருங்க" என்றார்.

மறுநாள் காலை சன்னலோரம் இரண்டடிக்கு ஒரு குழி எடுத்தார்கள். சிமெண்டு, செங்கல் உடைசல், களிமண், அதற்கும் கீழே வழவழவென்று ஒரு கற்பலகை. ஈரமாக, கறுப்பாக. பொறியாளர் குழியில் இறங்கி நின்று, நிமிர்ந்து, சன்னல் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்த்தார். சன்னல் அவருக்குச் சரியான உயரத்தில் இருந்தது. அங்கேயே அனுமதிக்குக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆனால் அதற்கு முந்தைய நாள், கூட்டம் முடிந்த கையோடு, நானும் அக்காவும் மாடிப்படியில் இறங்கி வந்ததைச் சொல்ல வேண்டும். முதல் மாடித் திருப்பத்தில் அவள் மூச்சு வாங்க நின்றாள்.

"அந்தப் பலகையையும் எடுத்துடுவாங்களா?"

"எடுத்துடுவாங்க."

"நல்லதாப் போச்சு. தொடைக்கிற வேலை மிச்சம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. "அக்கா, வேலைக்காக மட்டும் நான் அதை எழுதல" என்றேன்.

"தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"படிவத்துல கையெழுத்து வாங்க வந்தியே, அன்னிக்கு நீ தண்ணிகூடக் குடிக்கல. எவ்வளவு சொல்லியும் குடிக்கல. வெயில்ல வந்திருக்க, மொகமெல்லாம் வேர்வை. கோவம்னு தெரிஞ்சுது. கையெழுத்துப் போட்டாத் தீந்துடும்னு நெனச்சுப் போட்டேன்." கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அடுத்த படியில் காலை வைத்தாள். "அப்பா உங்கிட்டச் சொல்லியிருக்கணும். நானாவது சொல்லியிருக்கணும். எனக்குப் பயம்."

தெருவுக்கு வந்ததும் எனக்குத் தாங்க முடியாமல் பசித்தது. பல நாள் பசி மொத்தமாக வந்ததுபோல இருந்தது. முனைக் கடையில் நின்றபடி இருவரும் ரொட்டியும் தேநீரும் வாங்கிச் சாப்பிட்டோம். இரண்டாவது ரொட்டிக்கு நான் கை நீட்டியபோது, "மெதுவாத் தின்னுடா, விக்கிக்கப் போற" என்றாள். ஐம்பது வயது ஆணி சாரை இப்படி அதட்டுகிறார்களே என்று கடைக்காரர் பார்த்தார்.

எனக்கு விளக்கக் குறிப்பாணை வந்தது. தெரிந்தே தவறான தகவல் தந்தது ஏன் என்று ஏழு நாளில் பதில் தர வேண்டும். ஒரே பக்கத்தில் உள்ளதை எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை என்னை ஆவண அறைக்கு மாற்றினார்கள். நான் முன்மொழிந்த அறுபத்துமூன்று கட்டடங்களையும் மறுபடி சரிபார்க்கும் வேலை உதவி ஆய்வாளருக்குப் போனது. முதல் இரண்டு வாரம் அவள் என்னிடம் பேசவில்லை. ஆவண அறை வாசலில் நின்று, தேவையான கோப்பின் எண்ணைச் சொல்லி, வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அவளுக்குப் பாடப்புத்தகமாக இருந்த என் குறிப்புகளில் அச்சுப்பிழை அல்ல, பொய்யே இருந்திருக்கிறது, எப்படிப் பேசுவாள்? மூன்றாவது வாரம் ஒரு கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "இதுல கோபுர மணிக்கூண்டுக்கு உள்ள ஏணி இருந்ததா எழுதியிருக்கீங்க. நெஜமாவே இருந்துச்சா சார்?" என்றாள். "இருந்துச்சும்மா. நான் ஏறியிருக்கேன். பதினொண்ணாவது பலகை ஒடஞ்சிருக்கும், பாத்து ஏறு" என்றேன். நம்புவதா என்று என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "பதினொண்ணாவது இல்ல, பன்னெண்டாவது" என்றாள். அதிலிருந்து ஓரளவு பேசிக்கொள்கிறோம்.

விசாரணை எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. படுத்தால் தூக்கம் வருகிறது. அந்தத் தெரு வழியாகப் போகும்போது கை போனைத் தேடிச் சட்டைப்பைக்குப் போவதில்லை.

கூடத்தை இறக்கும் வேலை ஆறு வாரம் பிடித்தது. எத்தனை வண்டி மண் போயிற்றோ. கற்பலகைகளைக் கழுவித் துடைத்தபோது அவை மங்கிய நீலத்தில் இருந்தன. தச்சர் கதவுக்குக் கீழே இரண்டடிப் பலகை சேர்த்தார். அதில் பூ செதுக்கட்டுமா என்று அவர் குழுவுக்கு முறைப்படி மனு போட்டிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. பலகை மொட்டையாகவே இருக்கிறது.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது அக்கா கூடத்தையும் வாசலையும் தெருவில் பாதி தூரத்தையும் தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டிருந்தாள். வழக்கமாகத் தூக்க வருகிற மூவரும் பழக்கத்தில் வந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரோரம் நின்றிருந்தார்கள். அத்தான் சக்கர நாற்காலியில் பின்கட்டு நிலையருகே இருந்தார். இடது கையால் சக்கரத்தைத் தள்ளி, இடது காலால் தரையை உந்தி உந்தி, சுவரோரச் சாய்தளத்தில் மெல்ல இறங்கினார். கூடத்தைக் கடந்து, வாசலுக்கு வந்து, ஒரு முழச் சரிவில் தடக்கென்று இறங்கித் தெருவில் நின்றார். நின்றவர் அசையவில்லை.

"எங்க போறீங்க?" என்றாள் அக்கா.

"அதான் தெரியல" என்றார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "இருபத்தேழு வருசம் போட்ட ரூட்டுல போனவன். இன்னிக்கு எந்தப் பக்கம்னு நானில்ல சொல்லணும்."

கடைக்காரர், "நான் வேணா கூட வரேன்" என்று ஓர் அடி எடுத்துவைத்தார். அத்தான் இடது கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். பிறகு இடப்பக்கம் திரும்பி, கொஞ்சம் கோணலாக, ஓரமாக நின்ற வண்டிகளை ஒட்டியே போனார். தெரு முனையில் ஒருமுறை நின்றார், மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தோம், திரும்பிவிடுவார் என்று நினைத்தோம். அவர் முனையைச் சுற்றி மறைந்துபோனார். அக்கா கூப்பிட வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். கழுவிவிட்ட ஈரம் முடிந்த இடத்திலிருந்து தெரு முனைவரைக்கும், இரண்டு சக்கரங்களின் ஈரக் கோடுகளும் அவற்றுக்கு நடுவே ஒற்றைக் காலின் தடங்களும் வெயிலில் காயத் தொடங்கியிருந்தன.